காவிப் பல்லும் கிணற்றுத் தண்ணீரும்

பல்லில் காவி ஏறிய ஒருவரைப் பார்த்தால், ஆள் ஒழுங்காகப் பல் துலக்குவதில்லை அல்லது வெற்றிலை, பீடி, புகையிலை என்று ஏதோ பழக்கம் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசையிலும், திருமங்கலத்தில் பெண் பார்க்கப் போகும் வீட்டிலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே இந்த எண்ணம் வேலை செய்கிறது. காவிப் பல் உள்ள பிள்ளைக்கே தெரியும், தன்னைப் பார்த்து அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று. அதனால் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிடுகிறது.

பாறை நிலமும் ஆழ்குழாய்க் கிணறும் கலந்த நம் சமவெளியில் இந்த எண்ணம் பல பேருக்கு அநியாயம் செய்கிறது. பல்லின் நிறம் மாறுவதற்குக் காரணங்கள் பல. சில கறைகள் பல்லின் மேல் படிகின்றன, சில பல்லுக்குள்ளேயே உருவாகின்றன. மேலே படிந்ததற்குத் துலக்குவதும் சுத்தம் செய்வதும் தீர்வு. உள்ளே உருவானதை எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்த்தால் பல்தான் தேயும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர்.

முதலில், பல் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாது உப்புகளால் ஆனது. அது ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை உடையது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். எனாமலின் வழியே அந்த மஞ்சள் மங்கலாகத் தெரிவதைத்தான் பல்லின் நிறம் என்கிறோம். ஆகவே ஆரோக்கியமான பல் தாளைப் போல வெளுத்திருக்காது, இளமஞ்சள் சாயலோடுதான் இருக்கும். கோரைப்பல் முன்பல்லைவிட ஒரு சாயல் மஞ்சள் கூடியிருப்பதும் இயல்பே. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, உள்ளே டென்டின் தடிக்கிறது, பல் மேலும் மஞ்சளாகத் தெரிகிறது. ஆறேழு வயதில் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும்போது, ‘பக்கத்துப் பல் வெள்ளையாக இருக்கிறது, புதிதாக முளைத்தது மட்டும் ஏன் மஞ்சள்?’ என்று பெற்றோர் பதறுவார்கள். பால்பல் இயல்பாகவே கூடுதல் வெள்ளை. நிலைப்பல் அதன் பக்கத்தில் மஞ்சளாகத் தெரிவதில் கோளாறு எதுவும் இல்லை.

மேலே படியும் கறைகளை எடுத்துக்கொள்வோம். பல் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் இருக்கும் புரதங்கள் பல்லின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கின்றன. கறை பிடிப்பது அந்தப் படலத்தில்தான். தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அதில் நன்றாகப் பற்றிக்கொள்ளும். பால் ஊற்றிய டீயில் பாலின் கேசீன் புரதம் அந்தத் துவர்ப்புப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கறை குறைவு. பால் விடாத கட்டஞ்சாயா அதிகம் கறைப்படுத்தும். ஆனால் தொழிற்பேட்டை வாசல்களில் ஷிப்டுக்கு ஷிப்டு குடிக்கும் டீயில் கறையைவிடப் பெரிய கேடு சர்க்கரை. ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை சர்க்கரை போட்ட டீ குடிப்பவரின் பல், அன்றைக்கு ஐந்தாறு முறை அமிலத்தில் நனைகிறது.

வெற்றிலைக்கு வருவோம். சோழவந்தான் வெற்றிலை இந்த மாவட்டத்தின் பெருமை, புவிசார் குறியீடும் பெற்றது. பல்லைச் சிவப்பாக்குவது இலை மட்டும் அல்ல; பாக்கின் துவர்ப்புப் பொருள் சுண்ணாம்பின் காரத்தில் கலந்து சிவந்து, நாளடைவில் கருஞ்சிவப்பாகப் படிகிறது. நிறம் போனால் போகட்டும் என்று விடலாம். பாக்கை அப்படி விட முடியாது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்திவிட்டது. பாக்கு மெல்லுபவர்கள் சிலருக்கு வாயின் உட்புறத் திசு இறுகி, வாய் திறக்கும் அகலம் குறைந்துகொண்டே வரும். காரம் பட்டால் எரியும். அந்த அறிகுறி தெரிந்த அன்றே பாக்கை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

புகையிலையின் தார் பல்லில் பழுப்பும் கறுப்புமாகப் படிகிறது. 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார். பல் துலக்குவதற்கென்றே புகையிலை கலந்த பொடியும் பசையும் ஒரு காலத்தில் கடைகளில் விற்றன. மத்திய அரசு 1992-இல் அவற்றைத் தடை செய்தது. குட்கா, பான் மசாலா தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2013 முதல் தடையில் உள்ளன. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடை ஆணையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சட்டம் இப்படி மேலும் கீழும் போய்வர, சாலையோரக் கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட் மறைவிடத்துக்குப் போனதே தவிர ஒழியவில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு கறை, இரும்புச் சத்து மருந்தால் வருவது. இரத்தசோகைக்காக ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வாரம் இருமுறை இரும்புச் சிரப் கொடுக்கும் திட்டம் நாடு முழுதும் நடக்கிறது. சிரப் குடித்த பிள்ளையின் பல் கறுத்ததைப் பார்த்துப் பயந்து மருந்தையே நிறுத்திவிடும் தாய்மார்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அது மேலே படியும் கறைதான். நாக்கின் பின்பக்கமாக மருந்தை விட்டு, உடனே தண்ணீர் கொடுத்தால் கறை குறையும். படிந்ததையும் பல் மருத்துவர் எளிதாக எடுத்துவிடுவார். ஈறு நோய்க்காகக் கொடுக்கப்படும் குளோர்ஹெக்சிடின் வாய் கொப்பளிக்கும் மருந்தும் இரண்டு மூன்று வாரத்தில் பல்லைப் பழுப்பாக்கும். சொன்ன நாளுக்கு மேல் அதைத் தொடரக் கூடாது.

கறை தெரிந்தவுடன் நம் கை எதைத் தேடுகிறது? தேய்க்கிற பொருளைத்தான். ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பல்லுக்கு உறுதியாகச் சொன்ன பழமொழி நம்முடையது. குச்சியை மென்று தூரிகையாக்கி மெதுவாகத் துலக்கும் அந்த முறையில் குறை சொல்ல அதிகம் இல்லை. உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள், கல்லுப்பு ஆகியவற்றை அதே தராசில் வைக்க முடியாது. மதுரைக்கும் பல்பொடிக்கும் நெருங்கிய உறவு உண்டு. வானொலி விளம்பரத்தால் இலங்கை, மலேசியா வரை பெயர் பெற்ற கோபால் பல்பொடி இந்த ஊர்ச் சரக்கு. ரோஸ் நிறப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, ஆள்காட்டி விரலால் தொட்டுத் தேய்த்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. விரலால் தேய்க்கும்போது பல்லின் முகம் மட்டும் சுத்தமாகும், இடுக்குகளும் ஈறோரமும் அப்படியே கிடக்கும். சொரசொரப்பான தூளை அழுத்தித் தேய்த்தால் முதல் சில மாதம் பல் பளபளக்கும். ஆண்டுகள் போகப் போக எனாமல் தேய்ந்து டென்டினின் மஞ்சள் வெளிவரும், ஈறோரத்தில் பள்ளம் விழும், குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும். வெள்ளையாக்கத் தேய்த்தது மஞ்சளாக்கி முடிக்கிறது. உமிக்கரியே இப்போது கறுப்புப் பசையாகக் குழாயில் அடைத்து அதிக விலைக்கு வந்திருக்கிறது. கரிப் பசைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழ் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அவை பல்லை வெளுக்கும் என்பதற்கோ பாதுகாப்பானவை என்பதற்கோ போதிய சான்று இல்லை என்றது. எனக்கும் அந்த முடிவே சரியாகப் படுகிறது. கரி பல்லுக்கு ஆகாது, அதன் நிறம் எதுவானாலும் விலை என்னவானாலும்.

இனி உள்ளே உருவாகும் கறை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் சுமப்பது இதைத்தான்; இதன் காரணம் அவர்களின் பழக்கத்தில் இல்லை, அவர்கள் குடித்து வளர்ந்த தண்ணீரில் இருக்கிறது.

1901-இல் ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊரில் மருத்துவமனை தொடங்கினார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களின் பல்லில் சாக்லேட் நிறக் கறை இருந்தது. வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு இல்லை. காரணம் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று மெக்கே சந்தேகித்தார். எது என்று கண்டுபிடிக்க முப்பது ஆண்டு பிடித்தது. 1931-இல், அலுமினியம் நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் எச்.வி.சர்ச்சில், ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பாக்சைட் என்ற சுரங்க ஊரின் தண்ணீரைச் சோதித்து, அதில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் இருப்பதைக் கண்டார். அலுமினியப் பாத்திரத்தின்மீது பழி விழுந்துவிடுமோ என்ற கவலையில்தான் நிறுவனம் அந்தச் சோதனையைச் செய்ய வைத்தது. அதற்குப் பிறகு ட்ரெண்ட்லி டீன் என்ற அரசுப் பல் மருத்துவர் ஊர் ஊராகப் போய், கறையின் கடுமையை அளக்கும் முறையை வகுத்தார். கறைப்பட்ட ஊர்களில் சொத்தைப் பல் குறைவு என்பதையும் அவர்தான் உறுதிப்படுத்தினார். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஃப்ளோரைடு பல்லைக் காக்கிறது, அதைத் தாண்டினால் கெடுக்கிறது. 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் குடிநீரில் ஃப்ளோரைடைச் சேர்க்கத் தொடங்கியது இந்த அறிவின் அடிப்படையில்தான். அங்கே போதாததால் சேர்த்தார்கள். நம் ஊரில் மிகுந்ததால் அவதிப்படுகிறோம்.

இந்தியாவில் மனிதருக்கு ஃப்ளோரைடு செய்யும் கேட்டை முதலில் எழுதி வைத்த பெருமை சென்னை கிண்டியில் உள்ள கிங் ஆய்வு நிலையத்துக்கு உரியது. 1937-இல் எச்.இ.ஷார்ட், சி.ஜி.பண்டிட், டி.என்.எஸ்.இராகவாச்சாரி ஆகியோர் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், மூட்டுகள் இறுகி வாழ்ந்த மனிதர்களைப் பரிசோதித்து, காரணம் கிணற்று நீரின் ஃப்ளோரைடு என்று எழுதினார்கள். பல்லில் கறையாகத் தொடங்குவது, பல ஆண்டுகள் மிகுந்த அளவில் உடம்பில் சேர்ந்தால் எலும்பு வரை போகும் என்பதை அந்தக் கட்டுரை இந்திய மருத்துவத்துக்குச் சொன்னது. காலா அசார் நோய் மணல் ஈயால் பரவுவதையும், மலேரியா கிருமி கல்லீரலில் வளரும் கட்டத்தையும் பின்னாளில் நிறுவியவர்களுள் ஒருவர் இதே ஷார்ட். பண்டிட் இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் முதல் இயக்குநரானார். அவ்வளவு பெரிய அறிஞர்கள் அன்று கிணற்றடியில் நின்று கண்டதை, இன்றும் நாம் பல் துலக்காத குறையாகப் பேசிக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது.

பாறைக்கும் பல்லுக்கும் தொடர்பு இதுதான். மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது கடினப் பாறை. கருங்கல்லும் அதன் உறவுப் பாறைகளும். அவற்றின் கனிமங்களில் ஃப்ளோரைடு உண்டு. வெடிப்புகளில் நீண்ட காலம் தங்கும் நீர், பாறையிலிருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. மழை குறைந்து வெயில் மிகுந்த நாடு, சுண்ணாம்புச் சத்து குறைந்த, உவர் ஏறிய நீர் என்றால் இன்னும் அதிகமாகக் கரையும். கண்மாய் நீரும் திறந்த கிணற்று நீரும் குடித்த காலத்தில் ஆழத்து நீர் மேலே வரவில்லை. வறட்சியைச் சமாளிக்க ஊருக்கு ஊர் போர் போட்டபோது தாகம் தீர்ந்தது, பாறையின் உப்பும் கூடவே ஏறி வந்தது. ஒரே தெருவில் இரண்டு போர்வெல் நீரில் ஃப்ளோரைடு அளவு வேறுபடலாம். கண்ணுக்கோ நாக்குக்கோ தெரியாது. ஃப்ளோரைடு கலந்த நீர் தெளிந்தும் இனித்தும்கூட இருக்கும். நமக்கு வடக்கே, திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை ஒன்றியத்தில் ஆய்வாளர்கள் குடிநீரையும் உணவையும் அளந்து, பிள்ளைகளின் பல் கறையோடு ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். இலங்கையின் வறண்ட வலயத்தில், அனுராதபுரம் பக்கத்துக் கிணறுகளிலும் இதே கதை.

தமிழ்நாட்டில் பெரிதும் பாதிக்கப்பட்டவை தருமபுரியும் கிருஷ்ணகிரியும். அங்கே ஒகேனக்கல் காவிரி நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் கடனுதவியுடன் ரூ.1,900 கோடிக்கும் மேல் செலவாகி, 2013-இல் திறக்கப்பட்டது. திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது. ஆற்று நீரில் ஃப்ளோரைடு பொதுவாகக் குறைவு என்பதால் அது சரியான தீர்வு. நமக்கும் வைகையும் பெரியாறும் உண்டு. 1895-இல் கட்டி முடிந்த பெரியாறு அணையின் நீரும், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் நீரும் மதுரை நகரத்தின் குடிநீரைத் தாங்குகின்றன. நகரத்துக்கு வெளியே சில நாளைக்கு ஒருமுறை ஆற்று நீர் குழாயில் வருவதும், மற்ற நாள்களில் போர்வெல்லையும் கேன் தண்ணீரையும் நம்புவதும் வழக்கமாகிவிட்டது. அந்த இடைவெளியில்தான் பிள்ளையின் பல் உருவாகிறது.

எப்படி? ஈறுக்குள் நிலைப்பல் உருவாகும் காலம் பிறப்பு முதல் ஏறத்தாழ எட்டு வயது வரை. மேல்வரிசை முன்பற்களுக்கு மிக ஆபத்தான காலம் ஒன்றேகால் வயதிலிருந்து இரண்டரை வயது வரை. அப்போது ஃப்ளோரைடு மிகுந்தால், எனாமல் முதிரும் கட்டத்தில் வெளியேற வேண்டிய புரதங்கள் உள்ளேயே தங்கிவிடுகின்றன. மேலே மூடியிருந்தாலும் கீழே துளைகள் நிறைந்த எனாமல் அமைகிறது. பல் முளைக்கும்போது அது சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகவோ மேகத் திட்டாகவோ தெரியும். பழுப்பு நிறம் பிறகுதான் வருகிறது. துளைகள் வழியே உணவின் நிறம் உள்ளே இறங்குகிறது. எட்டு வயதுக்குப் பிறகு ஃப்ளோரைடு நீர் குடித்தால் முளைத்த பல்லில் இந்தக் கறை புதிதாக வராது. கொலராடோவில் வெளியூர்க்காரர்களுக்குக் கறை வராததன் விளக்கம் இதுவே. ஒருவருக்கு இருபது வயதில் தெரியும் கறை, அவர் இரண்டு வயதில் குடித்த நீரின் பதிவு. அவர் இன்று எதைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது?

வீட்டிலேயே அடையாளம் பார்க்க ஒரு வழி உண்டு. ஃப்ளோரைடு கறை இடமும் வலமும் ஒரே மாதிரி, இணை இணையாக, பல்லின் குறுக்கே கோடாக வரும். சொத்தை ஒரு பல்லில், ஈறோரத்திலோ குழியிலோ தொடங்கும். ஒரே ஒரு பல் மட்டும் சாம்பல் நிறமாக இருந்தால் எப்போதோ விழுந்து அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லாப் பல்லிலும் மஞ்சள், சாம்பல் பட்டைகள் இருந்தால், குழந்தைப் பருவத்திலோ தாய் கருவுற்றிருந்தபோதோ டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்ததா என்று விசாரிக்க வேண்டும். கருவுற்றவர்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொதுவாக அந்த மருந்தைத் தருவதில்லை என்பதால், இன்று அந்தக் கறை பெரும்பாலும் நடுவயதுக்காரர்களிடம்தான் காணப்படுகிறது. பிறந்தபோது கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தையின் பால்பல் பச்சை சாயலாக முளைப்பதும் உண்டு.

தண்ணீரைப் பற்றி வீட்டில் செய்யக்கூடியவை எவை? இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீரே இல்லாதபோது 1.5 மில்லிகிராமை உச்ச அளவாகவும் வைத்திருக்கிறது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் நீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குச் சோதனைப் பெட்டி தரப்பட்டு, ஊர்ப் பெண்களுக்கே பயிற்சியும் அளிக்கப்படுகிறது. நீரில் மருந்துத் துளி விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் ஃப்ளோரைடு அளவு ஏறத்தாழத் தெரிந்துவிடும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகி ஃப்ளோரைடு செறிவு கூடும். மண்பானையும் பீங்கான் ‘கேண்டில்’ வடிகட்டியும் அதைப் பிடிக்காது. ஆர்.ஓ. இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். வினையூட்டிய அலுமினா வடிகட்டியும் நீக்கும். நாக்பூரின் நீரி நிறுவனம் எழுபதுகளில் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளிய வைப்பார்கள். மழைநீரில் ஃப்ளோரைடு இல்லாததற்குச் சமம். தமிழ்நாட்டில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயம், அதைக் குடிநீருக்காகவும் சுத்தமாகப் பிடித்து வைக்க முடியும்.

பல வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. குடிக்க மட்டும் கேன் தண்ணீர், சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் டீ போடவும் போர் தண்ணீர். சோறும் பருப்பும் வேகும் நீரை அப்படியே உறிஞ்சிக்கொள்கின்றன. தேயிலையிலேயே ஃப்ளோரைடு இருக்கிறது, போர் தண்ணீரில் டீ போட்டால் இரண்டும் சேரும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கஞ்சி காய்ச்சும் நீரும் பால் மாவு கலக்கும் நீரும் ஆற்று நீராகவோ சுத்திகரித்த நீராகவோ இருக்க வேண்டும். தாய்ப்பாலில் ஃப்ளோரைடு மிகமிகக் குறைவு, தாய் எந்த நீரைக் குடித்தாலும். சத்துக்குறைவான பிள்ளைகளைக் கறை கடுமையாகத் தாக்குகிறது என்பதால் பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை, நெல்லிக்காய் ஆகியவை தட்டில் இருக்கட்டும்.

ஃப்ளோரைடு பற்பசையை அப்போது விட்டுவிடலாமா என்ற கேள்வி வரும். விட வேண்டாம் என்பதே என் கருத்து. நீரிலிருப்பது உடம்புக்குள் போய் உருவாகும் பல்லைக் கெடுக்கிறது. பசையிலிருப்பது முளைத்த பல்லின் மேற்பரப்பில் நின்று சொத்தையைத் தடுக்கிறது. விழுங்கும் வயதுப் பிள்ளைகளிடம்தான் கவனம் தேவை. மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர் கையால், துப்ப வைத்து. இந்திய விதிப்படி பசையில் ஃப்ளோரைடு 1000 பி.பி.எம்.மைத் தாண்டக் கூடாது, குழாயின்மேல் அளவும் எழுதியிருக்க வேண்டும். வீட்டு நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருக்கிறது என்று தெரிந்தால், சின்னப் பிள்ளைக்கு எந்தப் பசை என்பதைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே கறைப்பட்ட பல்லுக்கு வழி இல்லாமல் இல்லை. இலேசான கறையை, எனாமலின் மேல்பரப்பை மெல்லியதாகச் சீவியும் பெராக்சைடு கொண்டு வெளுத்தும் குறைக்கலாம். கடுமையானதைப் பல் நிறப் பூச்சோ பீங்கான் மேலோடோ மறைக்கும், செலவு உண்டு. வெளியே படிந்த காவிக்கும், பல்லில் இறுகிப்போன படிவான காரைக்கும் மருத்துவமனையில் சுத்தம் செய்தால் போதும். ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்ற பயம் நம் பக்கம் வலுவாக இருக்கிறது. ஈறுக்குள் புகுந்த காரை எலும்பை அரித்து, பல் ஏற்கெனவே ஆடத் தொடங்கியிருக்கும். காரை முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்ததால் தெரியவில்லை. தள்ளிப்போடுவதால் பல்லைத்தான் இழக்கிறோம்.

அன்றாடம் செய்ய வேண்டியது அதிகம் இல்லை, ஆனால் நாம் செய்யாமல் விடுவது அதில் முக்கியமானது: இரவு துலக்குவது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைகிறது. பல்லில் ஒட்டிய சோறும் இனிப்பும் அமிலமாக மாற இரவு முழுதும் நேரம் கிடைக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு முறைதான் துலக்க முடியும் என்றால், காலையை விட்டு இரவைத் தேர்ந்தெடுக்கலாம் என்றே சொல்வேன். தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு இரவு என்பது அவர் படுக்கப் போகும் காலை எட்டு மணி. மென்மையான பிரஷ்ஷை ஈறோரத்தில் சாய்த்து வைத்து, சிறுசிறு அசைவாக, இரண்டு நிமிடம். மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ். அதற்கு முன்பே இழைகள் விரிந்துவிட்டால் நாம் அழுத்தித் தேய்க்கிறோம் என்று பொருள். பசையைத் துப்பிவிட்டு அண்டா நீரில் கொப்பளிக்காமல் விட்டால் அதன் ஃப்ளோரைடு பல்லில் கொஞ்சம் தங்கும். எலுமிச்சை, புளிப்பு, குளிர்பானம் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குப் பல் துலக்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் அப்போது எளிதில் தேயும். சாப்பிட்டவுடன் வாய் கொப்பளிக்கும் நம் வழக்கமும், காலையில் நாக்கு வழிப்பதும் நல்லவை; பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். டீ குடித்த பிறகு ஒரு மடக்குத் தண்ணீரால் கொப்பளித்தால் கறையும் சர்க்கரையும் சேர்ந்து குறையும். பல் இடுக்கில் பிரஷ் போகாது, அதற்கு நூலோ இடுக்குப் பிரஷ்ஷோ வேண்டும். ஊக்கும் தீக்குச்சியும் ஈறைக் கிழிக்கும். ஏழெட்டு வயது வரை பிள்ளை தானே துலக்கினாலும் கடைசி ஒரு சுற்று பெற்றோர் துலக்கிவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும், ஈறு நோய் சர்க்கரையையும் ஏற்றும். அவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்டுவது நல்லது.

இவ்வளவையும் ஒருவர் ஒழுங்காகச் செய்தும் பல்லில் பழுப்புக் கோடு இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளையைப் பள்ளியில் ஆசிரியர் ‘பல் விளக்கலையா?’ என்று எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு மூன்று பிள்ளைகளிடம் ஒரே மாதிரி கோடு தெரிந்தால், அந்தப் பள்ளியின் தண்ணீரையும் அந்தத் தெருவின் தண்ணீரையும் சோதிக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தம்பி தங்கைகள் இன்னும் எட்டு வயதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. உலக நீர் நாளான மார்ச் 22-லும் கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நம் ஊர் மேல்நிலைத் தொட்டிக்கு எந்தப் போர்வெல்லிலிருந்து தண்ணீர் ஏறுகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், ஃப்ளோரைடு எவ்வளவு என்று கேளுங்கள். அந்த அளவைத் தொட்டியின்மேல் பெயிண்டால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.